நாம் மகளாகவே பார்த்த நடிகை

2013 நவம்பர் கடைசியில் ‘நவீன சரஸ்வதி சபதம்’ வெளியானது. ஜெய் கதாநாயகன், நிவேதா தாமஸ் கதாநாயகி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2014 பொங்கலுக்கு ‘ஜில்லா’ வந்தது. அதில் அதே நிவேதா விஜய்க்குத் தங்கை. எந்தப் படத்துக்கு முதலில் கால்ஷீட் கொடுத்தார் என்பதெல்லாம் ரசிகனுக்குத் தெரியாது. அவன் பார்த்தது, கார்த்திகையில் டூயட் பாடிய பெண் தை மாதத்தில் வீட்டுக்குத் தங்கச்சியாகத் திரும்பி வந்துவிட்டதைத்தான். தங்கச்சி வேடத்துக்குப் போனவருக்குத் திரும்பி வர வழி கிடையாது என்பது கோடம்பாக்கத்தில் எழுதப்படாத விதி. அந்த விதியை நம் ஊர் நிவேதா விஷயத்தில் கறாராகவே கடைப்பிடித்தது.

அடுத்த ஆண்டு ‘பாபநாசம்’. கமல்ஹாசனின் மூத்த மகள் செல்வி. அதற்குப் பிறகு தமிழில் அவரைப் பார்க்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தர்பார்’ படத்தில் ரஜினியின் மகளாக வந்தார், இறந்துபோனார். அதற்கு முன்பே, 2008-இல் ‘குருவி’யிலும் விஜய்க்குத் தங்கைதான். தமிழ் சினிமாவின் மூன்று பெரிய நட்சத்திரங்களுக்கும் உறவுக்காரியாக இருந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்கும் ஒரு படத்தைத்தான் தமிழில் யாரும் எடுக்கவில்லை.

தெலுங்கில் அப்படி எடுத்தார்கள். 2024-இல் வந்த ‘35 – சின்ன கத காது’ முழுக்க முழுக்க அவரை நம்பி நின்ற படம். அந்த வேடத்துக்காகத் தெலங்கானா அரசின் கத்தர் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. சென்னையில் வளர்ந்து, தமிழ்த் தொலைக்காட்சியில் நடிக்கக் கற்ற ஒரு பிள்ளை, கதையின் மையத்துக்கு வர எல்லை தாண்ட வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் சினிமாக்காரர்கள் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “சின்னப் புள்ளையா பார்த்த முகம் சார், ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க.” இந்தப் பதில் பொய் என்பதுதான் என் கட்சி.

பூதத்தோடு வளர்ந்தவர்கள்

2000களின் நடுவில் சன் டிவியில் ‘மை டியர் பூதம்’ பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பதை ஒட்டிய வயது. மூசா என்று ஒரு குட்டி பூதம். மொட்டைத் தலை, உச்சியில் குடுமி. அதோடு சேர்ந்து ஊரைக் கலக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களில் கௌரியாக வந்தவர் நிவேதா. பள்ளிவிட்டு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பிள்ளைகள் வகுப்புத் தோழர்கள் மாதிரி.

இன்றைக்கு அந்தத் தொடரின் கிராபிக்ஸைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால், நடிப்புப் பயிற்சி என்ற கோணத்தில் பார்த்தால் வேறொன்று தெரியும். இந்த மாதிரி மாயாஜாலத் தொடர்களில் பணம் குறைவு, தந்திரம் பழையது. பூதம் கை சொடுக்கினால் மேசை மேல் இருந்த தட்டு மறைய வேண்டும். கேமராவை நிறுத்துவார்கள். தட்டை எடுப்பார்கள். மறுபடி ஓட்டுவார்கள். அதுவரை சட்டகத்தில் இருக்கிற பிள்ளைகள் இமைகூட அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். கை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் திரையில் துள்ளும். பிறகு, இல்லாத தட்டைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும், வெறும் காற்றைப் பார்த்து ஓட வேண்டும், எதிரில் யாருமே இல்லாதபோது பறந்து போகிறவனுக்கு டாட்டா காட்ட வேண்டும். எட்டு ஒன்பது வயதில் இதை வாரக்கணக்கில் செய்த பிள்ளைக்கு இரண்டு விஷயம் உடம்பில் ஊறிவிடும். ஒன்று, சும்மா இருக்கத் தெரிவது. இன்னொன்று, எதிரில் இல்லாததை இருப்பதாக நம்பத் தெரிவது.

‘பாபநாசம்’ படத்தில் செல்வியின் வேடம் கிட்டத்தட்ட முழுக்க இந்த ‘சும்மா இருப்பது’தான். குளியலறையில் எடுத்த படத்தைக் காட்டி மிரட்டிய பையன் தன் கையால் செத்துப்போனான். பிணம் கடைசியில் புதைந்த இடம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா சொல்லிக்கொடுத்த பொய்யை மட்டும் போலீஸ் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அழுதால் மாட்டிக்கொள்வாள், அழாமலே இருந்தாலும் மாட்டிக்கொள்வாள். கமல், கௌதமி, ஆஷா சரத், கலாபவன் மணி என்று நாலு பக்கமும் கைதேர்ந்தவர்கள் நிற்கிற சட்டகத்தில், பத்தொன்பது வயதுப் பெண் பேச்சே இல்லாமல் பயத்தைப் பிடித்து வைத்திருந்தார். படம் வெளியானபோது பாராட்டெல்லாம் கமலின் திருநெல்வேலித் தமிழுக்கும் கதை முடிச்சுக்கும் போனது. நியாயம்தான். ஆனால், அந்தப் படம் பார்த்த தமிழ் இயக்குநர்களில் ஒருவருக்காவது ‘இந்தப் பெண்ணை வைத்து ஒரு கதை எழுதலாமே’ என்று தோன்றியிருக்க வேண்டும் இல்லையா? ஆந்திரத்தில் தோன்றியது.

குழந்தைகளுக்கான தொடரில் நடிப்பதற்கும் மெகா சீரியலில் குழந்தையாக நடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் கதை பிள்ளைகளுடையது. முடிவெடுப்பது அவர்கள், தப்பு செய்வது அவர்கள், தப்பிப்பதும் அவர்களே. மெகா சீரியலில் குழந்தை என்பது இரண்டு பெரியவர்கள் சண்டையில் அழுவதற்கு வைத்திருக்கும் பொருள். மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள், கடத்துவார்கள், ஐந்து வருஷம் கடந்துவிட்டது என்று ஒரு வரி போட்டு ஆளையே மாற்றிவிடுவார்கள். நிவேதா மெகா சீரியல்களிலும் நடித்தவர்தான். என்றாலும், கதையைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

கேரளம் அதை முதலில் கண்டுகொண்டது. 2008-இல் ஜெயராம் நடித்த ‘வெறுதே ஒரு பார்ய’ படத்தில் மகளாக நடித்ததற்காக அந்த மாநில அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. அங்கேயே ‘சாப்பா குரிசு’, ‘ரோமன்ஸ்’ என்று வளர்ந்த வேடங்களும் வந்தன. மலையாளக் குடும்பத்துப் பெண்தானே என்பார்கள். சரி. தெலுங்குக்கு என்ன உறவு?

ஏற்க மாட்டார்களாம்

ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். மீனா 1984-இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் ரஜினியின் மடியில் உட்கார்ந்து தமிழ்நாட்டையே அழ வைத்த குழந்தை. ஒன்பதே ஆண்டில், 1993-இல், ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிக்கு மனைவி. தியேட்டரில் யாரும் எழுந்து போகவில்லை. அடுத்து ‘வீரா’, ‘முத்து’ என்று வரிசையாக ஓடின. அதற்கும் முன்னால் ஸ்ரீதேவி. 1972-இல் ‘படி பந்துலு’ என்ற தெலுங்குப் படத்தில் என்.டி.ராமாராவுக்குப் பேத்தி, 1979-இல் ‘வேட்டகாடு’ படத்தில் அதே ராமாராவுக்குக் கதாநாயகி. தமிழில் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தபோது அவருக்கு வயது 13. கமல் ஒரு பக்கம், ரஜினி ஒரு பக்கம், நடுவில் எட்டாம் வகுப்பு படிக்க வேண்டிய பிள்ளை. மக்கள் எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இவை சாட்சி. நல்ல சாட்சி என்று சொல்லமாட்டேன். தாத்தா பேத்தியாகப் பார்த்தவர்களை ஏழே வருஷத்தில் ஜோடியாகப் பார்த்துக் கை தட்டியதில் பெருமைப்பட எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ரசிகனின் ஞாபகத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். அவனுக்கு ஞாபக மறதி அதிகம்.

அந்த ஞாபகம் பையன்கள் விஷயத்தில் என்னவாகிறது என்றும் பார்க்க வேண்டும். கமல்ஹாசன் ‘களத்தூர் கண்ணம்மா’ குழந்தை. ‘சின்ன வயசில் பார்த்த முகம்’ என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. அறுபது ஆண்டுகளாக அதைச் சொல்லித்தான் மேடைகளில் மாலை போடுகிறார்கள். விஜய் 1984-இல் அப்பா இயக்கிய ‘வெற்றி’யில் சிறுவனாக வந்தவர். சிலம்பரசனுக்குக் குழந்தைப் பருவத்துப் பட்டமே முதலீடானது. தெலுங்கில் ‘இந்திரா’ படத்தில் குட்டி சிரஞ்சீவியாக வந்த தேஜா சஜ்ஜா 2024-இல் ‘ஹனுமான்’ ஆகி வட இந்தியாவரை வசூல் செய்தார். பையனைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம் என்றால் ‘நம்ம பையன்’, அவன் ஜெயிக்க வேண்டும். பெண்ணைப் பார்த்திருக்கிறோம் என்றால் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’, அவள் அடக்கமாகத் தங்கச்சியாக இருக்க வேண்டும். ஞாபகம் ஒன்றுதான். அதை வைத்து நடத்தும் வியாபாரம் இரண்டு.

‘ஜில்லா’ வெளியானபோது விஜய்க்கு 39 வயது, கதாநாயகி காஜல் அகர்வாலுக்கு 28, தங்கை நிவேதாவுக்கு 18. ‘தர்பார்’ வந்தபோது ரஜினிக்கு 69, நயன்தாராவுக்கு 35, மகள் நிவேதாவுக்கு 24. நட்சத்திரங்களின் வயது ஏற ஏற, இருபதுகளில் இருக்கும் நம்மூர் நடிகைகளுக்கு மிச்சமாவது மகள் வேடம்தான். இளம்பெண்களை மையமாக வைத்து எழுதப்படும் படங்கள் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகின்றன. ஞாபகத்தைவிட இந்தக் கணக்குதான் அவரைத் தங்கச்சியாக்கியது என்று நினைக்கிறேன். கதை எழுதும்போதே பெண்ணுக்கு இரண்டே பெட்டி. காதலிக்கப்படுகிறவள் ஒன்று, காப்பாற்றப்படுகிறவள் இன்னொன்று. முதல் பெட்டிக்கு வெளியூர் முகம் வாங்குவார்கள். இரண்டாவதற்கு உள்ளூரில் பழகிய முகம் போதும்.

வெளியூர் முகத்துக்கும் குழந்தைப் பருவம் இருந்திருக்கும் அல்லவா? அதுதான் வேடிக்கை. ஹன்சிகா மோத்வானி ‘ஷக்கலக்க பூம் பூம்’ என்ற இந்திச் சிறுவர் தொடரில் நடித்தவர். 2003-இல் ‘கோயி மில் கயா’வில் ஹிருத்திக் ரோஷனோடு விளையாடும் பிள்ளைகளில் ஒருவர். நாலே வருஷத்தில், 2007-இல், ‘தேசமுதுரு’ படத்தில் அல்லு அர்ஜுனுக்கு ஜோடி. 2011-இல் தமிழுக்கு வந்தபோது அவரைக் குழந்தையாகப் பார்த்த ஞாபகம் இங்கே அநேகமாக யாருக்கும் இல்லை. ‘குட்டி குஷ்பு’ என்று கொண்டாடினோம். ‘பாலிகா வது’ தொடரின் சிறுமி அவிகா கோர் பதினாறு வயதில் தெலுங்கில் நாயகி. நம் ‘அஞ்சலி’ பாப்பா ஷாமிலி நாயகியாக அறிமுகமானது 2009-இல், தெலுங்கின் ‘ஓய்’ படத்தில். ‘என்னை அறிந்தால்’, ‘விஸ்வாசம்’ படங்களில் அஜித்தின் மகளாக வந்த அனிகா சுரேந்திரன் நாயகியானது 2023-இல், அதுவும் தெலுங்கில்தான்.

தெலுங்குச் சினிமா பெண்களுக்குச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்ததும் இதையேதான். ஸ்ரீதிவ்யா ஹைதராபாத்துப் பெண், தெலுங்கில் குழந்தை நட்சத்திரம். அங்கே நாயகியாகச் சில படம் நடித்தும் பெரிதாக நிற்க முடியவில்லை. 2013-இல் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ வந்ததும் தமிழ்நாட்டில் ‘ஊதா கலர் ரிப்பன்’ பாட்டோடு வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அதே 2013-இல்தான் நம் பிள்ளை நிவேதா ஜெய்யோடு ஜோடி சேர்ந்து பார்த்தார். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வளர்ப்பது என்பது இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே சத்தமில்லாமல் நடக்கும் பண்டமாற்று.

பல்லவி, காதரின், சரஸ்வதி

2016-இல் வந்த ‘ஜென்டில்மேன்’ நிவேதாவின் முதல் தெலுங்குப் படம். இயக்கம் மோகன கிருஷ்ண இந்திரகண்டி. நானி இரட்டை வேடம், சுரபியும் நிவேதாவும் நாயகிகள். விமானத்தில் சந்தித்துத் தத்தம் காதல் கதையைச் சொல்லிக்கொள்ளும் இரண்டு பெண்கள். இறங்கியபோது ஒருத்தியின் காதலன் இறந்துபோயிருக்கிறான், இன்னொருத்தியின் வருங்காலக் கணவன் அச்சு அசலாக அவன் முகத்தோடு நிற்கிறான். இறந்தவனின் காதலி காதரின்தான் நிவேதா. பிறகு படம் நகர்வது அவளுடைய சந்தேகத்தில். நட்சத்திர நாயகன் இரண்டு வேடத்தில் இருக்கும் படத்தில், பார்வையாளன் யார் கண் வழியாகப் பார்க்கிறான் என்ற இடத்தை ஒரு புதுமுகத்திடம் கொடுத்தார்கள். தெலுங்கில் அவர் புதுமுகம். அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி.

அடுத்த ஆண்டு ‘நின்னு கோரி’. பழைய காதலன் ஒரு பக்கம், கட்டிய கணவன் ஒரு பக்கம் என்ற அரதப்பழசான முக்கோணம்தான். பல்லவி என்ற அந்தப் பெண்ணை அழுமூஞ்சியாக்காமல் நிவேதா காப்பாற்றினார். தெலுங்கில் தன் சொந்தக் குரலிலேயே பேசுகிறவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிறமொழி நாயகி என்றால் உதட்டசைவு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று பழகிப்போன துறையில், குரல் தன்னுடையதாக இருப்பது பாதி நடிப்பு. ‘ப்ரோசேவாரெவருரா’வில் கல்லூரி முதல்வரின் மகளாக வந்து, மூன்று உருப்படாத பையன்களைக் கூட்டுச் சேர்த்துத் தன்னையே கடத்தச் சொல்கிறார். 2021-இல் பவன் கல்யாணின் ‘வக்கீல் சாப்’. இந்தி ‘பிங்க்’ படத்தின் தெலுங்கு வடிவம், தமிழில் ‘நேர்கொண்ட பார்வை’ என்று அஜித் நடித்தது. கூண்டில் நிற்கும் மூன்று பெண்களில் முதல்வராக நிவேதா. இடையே ‘ஜெய் லவ குசா’ மாதிரி, மூன்று வேடங்களில் ஜூனியர் என்.டி.ஆர். இருக்க, நாயகிகள் பாட்டுக்கு வந்து போகும் படங்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சினிமாவுக்கு நடுவே கட்டடக்கலைப் பட்டப்படிப்பை விடாமல் முடித்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தை நட்சத்திரத்துக்கும் நாயகிக்கும் இடையே மற்றப் பிள்ளைகளைப் போல வளர ஒரு காலம் வேண்டும். ஸ்ரீதேவிக்கு அந்தக் காலமே கிடைக்கவில்லை, ஹன்சிகாவுக்கு நாலு வருஷம். நிவேதாவுக்கு வேடங்கள் மெதுவாக வளர்ந்தன: மகள், தங்கை, பள்ளி மாணவி, இரண்டாம் நாயகி. கோடம்பாக்கத்தின் புறக்கணிப்பு இந்த ஒரு வகையில் நல்லதும் செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல முடியாது.

பிறகுதான் ‘35’. இயக்குநர் நந்தகிஷோர் ஈமானிக்கு இது முதல் படம், தயாரித்தவர்களில் ராணா டகுபதி ஒருவர். கதை நடப்பது திருப்பதியில். கணவன் பேருந்து நடத்துநர், இரண்டு மகன்கள். மூத்தவனுக்குக் கணக்கு வராது. வராது என்றால் மக்கு என்று பொருளில்லை, அவன் கேட்கும் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாது என்கிறீர்கள், அப்புறம் ஒன்றுக்குப் பக்கத்தில் போட்டால் எப்படிப் பத்தாகிறது? வாத்தியார் அவனைப் பூஜ்யம் என்றே கூப்பிடுகிறார். பாஸ் மார்க் 35. பத்தாவதோடு படிப்பு நின்ற அம்மா சரஸ்வதி, மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தான் கணக்குப் படிக்க உட்காருகிறாள். அவ்வளவுதான் கதை. அடிதடி இல்லை, வில்லன் என்றால் அந்த வாத்தியார், அவரும் முழு வில்லன் இல்லை.

28 வயதில் இரண்டு பிள்ளைக்குத் தாயாக நடிப்பது என்பது நாயகிகள் மிரண்டு ஓடும் முடிவு. தங்கச்சி வேடத்தைவிட ஒருபடி மேலான அபாயம். ஒரு தடவை அம்மாவானால் பிறகு அம்மாதான் என்று ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால், அந்தக் கதையில் அம்மாதான் நாயகன். தமிழில் உறவுமுறை வேடத்திலேயே அடைத்து வைக்கப்பட்ட நடிகை, ஒரு உறவுமுறை வேடத்தையே எடுத்துத் தன் படமாக்கிக்கொண்டார். படத்தில் அவர் மகனாக நடித்த சிறுவனுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கத்தர் விருது கிடைத்தது. தமிழுக்கு அந்தப் படம் மொழிமாற்றி வந்தது. சென்னையில் வளர்ந்த நடிகையை டப்பிங்கில் பார்த்தோம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘பாபநாச’த்தின் இளைய மகள் எஸ்தர் அனிலை வைத்து ஹலிதா ஷமீம் ‘மின்மினி’ எடுத்தார். நடிகர்கள் பிள்ளைகளாக வரும் பகுதியை முதலில் படமாக்கிவிட்டு, அவர்கள் நிஜமாகவே வளரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மிச்சத்தை எடுத்து, 2024-இல் வெளியிட்டார். படம் எப்படி ஓடியது என்பது வேறு விஷயம். ஒரு நடிகையின் வளர்ச்சியைக் குறையாகப் பார்க்காமல் கதையாகப் பார்த்த ஒரு இயக்குநராவது தமிழில் இருக்கிறார்.

அடுத்த கௌரி எங்கே?

நிவேதாவின் கதையைப் பேசும்போது எனக்குள்ள பெரிய கவலை சினிமா பற்றியது அல்ல. அவர் வந்த கதவே இப்போது இல்லை. ஒருகாலத்தில் தூர்தர்ஷனில் ‘கண்மணிப் பூங்கா’ இருந்தது. தனியார் அலைவரிசைகள் வந்தபின் ‘மர்மதேசம்’ மாதிரித் தொடர்களில் சிறுவர்களுக்குப் பெரிய இடம் இருந்தது, ‘மை டியர் பூதம்’ வந்தது. 2007-இல் சுட்டி டிவி தொடங்கியபோது பிள்ளைகளுக்கென்றே தனி அலைவரிசை என்று மகிழ்ந்தோம். அதில் வந்தது ‘டோராவின் பயணங்கள்’. வெளிநாட்டுக் கார்ட்டூனுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது மலிவு, சொந்தமாகப் பிள்ளைகளை வைத்துக் கதை எடுப்பது செலவு. வணிகக் கணக்கு புரிகிறது. ஆனால், பெரிய அலைவரிசைகளில் தமிழ்ப் பிள்ளைகள் நடிக்க, தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கதை என்று இன்றைக்கு எதைக் காட்டுவது?

பிள்ளைகள் திரையில் இல்லாமல் போகவில்லை. முன்பைவிட அதிகமாகவே இருக்கிறார்கள், ‘ஜூனியர்’ என்று பெயர் வைத்த போட்டி மேடைகளில். ஏழு வயதுப் பிள்ளை ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காதல் பாட்டை நெளிவு சுளிவோடு பாடுகிறது. ஆறு வயதுப் பையன் மாமியார் மருமகள் ஜோக் சொல்கிறான். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், கேமரா ஓடிப்போய்த் தாயின் முகத்தில் நிற்கிறது. வெளியேற்றப்பட்ட குழந்தையின் அழுகை அடுத்த வார விளம்பரத்தில் வருகிறது. இதில் திறமை இல்லை என்று சொல்லவில்லை. திறமை கொட்டிக் கிடக்கிறது. ஆனால், இந்த மேடை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது பெரியவர்களைப் போலச் செய்து பெரியவர்களிடம் கைதட்டல் வாங்குவதை. மூசாவோடு ஓடிய பிள்ளை கற்றது அதற்கு நேர் எதிரானது.

சட்டம் இருக்கிறது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முற்றிலும் தடைசெய்தார்கள். குடும்பத் தொழிலில் உதவும் பிள்ளைகளுக்கும் குழந்தைக் கலைஞர்களுக்கும் மட்டும் நிபந்தனையோடு விலக்கு கொடுத்தார்கள். 2017-இல் வந்த விதிகள்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. இறுதிச் சுற்று நேரடி ஒளிபரப்பு என்று இரவு பத்து, பதினொன்று வரை இழுக்கும்போது, மேடைக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் எத்தனை மணியிலிருந்து காத்திருக்கிறார்கள் என்று எந்த ஆட்சியர் அலுவலகமாவது கடிகாரம் பார்த்திருக்கிறதா?

விதி எழுதியபோது யாரும் பெரிதாக நினைக்காத ஒன்று அதற்குள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்பாவின் கைபேசி கேமரா, அம்மாவின் யூடியூப் சேனல், குழந்தையின் முகம். படப்பிடிப்புத் தளம் வீட்டுக் கூடம் என்பதால் தயாரிப்பாளர் யார், வேலை நேரம் எது என்றே கேட்க முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை முதல், இப்படிப் பெற்றோரின் காணொலிகளில் தோன்றும் குழந்தைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கச் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவும் பின்தொடர்ந்தது. குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தைப் பெற்றோரிடமிருந்து காக்க 1939-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. சாப்ளினின் ‘தி கிட்’ படத்துச் சிறுவன் ஜாக்கி கூகன் வளர்ந்து, தன் பணத்தைக் கேட்டுத் தாய் மேலேயே வழக்குப் போட்டதன் விளைவு. நம் 20 சதவீத விதியை ரீல்ஸ் குழந்தைகளுக்கும் நீட்டுவதற்குப் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. ஒரு திருத்தம் போதும்.

அலைவரிசைக்காரர்களிடம் குழந்தைகள் தொடர் பற்றிக் கேட்டால் டிஆர்பி என்பார்கள். மாலை ஆறரை மணிக்கு மாமியார் சீரியலுக்கு இருக்கும் விளம்பரம் பூதத்துக்கு இருக்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். சனி, ஞாயிறு காலையில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கல் வைத்த மோதிரம், மூட்டுவலித் தைலம், வீட்டுமனை விற்பனை. அந்த நேரத்தில் அரை மணியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் யார் வருமானம் படுத்துவிடும்? இருபது வருஷத்துக்கு முன்னால், இன்றைய தொழில்நுட்பத்தில் கால்வாசிகூட இல்லாமல், கேமராவை நிறுத்தி நிறுத்தித் தட்டை மறைத்தே இதைச் செய்திருக்கிறார்கள்.